மூன்று தட்டு

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். ஆனால் நடந்தது. சந்தேகம் இருந்தால் ராயபுரத்தில் அய்யாத்துரையின் குடோனுக்குப் போங்கள். பின்பக்கம் தார்ப்பாய் போட்டு மூடிய ஒரு பழைய ஜீப் நிற்கிறது. இடது முன்சக்கரத்துக்குப் பின்னால் தலையை நுழைத்து டார்ச் அடித்துப் பாருங்கள். ஏழு ரிவிட். ஒரு போல்ட். அந்த போல்ட்டைவிட நல்ல சாட்சி இதற்குக் கிடையாது.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். இது ராத்திரியில் நடக்கவில்லை. பட்டப்பகலில், உச்சி வெயிலில், திருவொற்றியூரில் ரகுபதியின் பட்டறையில் நடந்தது.

ரகுபதி நெட்டுக்குப்பத்துக்காரன். குடும்பமே கடலுக்குப் போனபோது இவன் மட்டும் இரும்புக்கு வந்தான். துறைமுகத்தில் பழைய கிரேன்களுக்கும் பார்ஜ் என்கிற தட்டைச் சரக்குப் படகுகளுக்கும் ரிவிட் அடிக்கும் கும்பலில் பல வருஷம் இருந்தான். கூடவே இருந்தவன் ரவிக்குமார். ரகுபதியின் தங்கை மங்கையைக் கட்டியவன். பார்ஜின் வயிற்றுக்குள் உட்கார்ந்து துரு தட்டித் தட்டி ரவிக்குமாருக்கு இரண்டு காதும் போய்விட்டது.

ரிவிட் அடிக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவன் சிவக்கக் காய்ச்சிய ரிவிட்டை உள்பக்கத்திலிருந்து ஓட்டையில் நுழைத்து, அதன் தலையில் ஒரு கனமான இரும்புக் கட்டையை அழுத்திப் பிடிப்பான். அந்தக் கட்டைக்கு டாலி என்று பெயர். மற்றவன் வெளிப்பக்கத்தில் ரிவிட்டின் வால்மீது குழி உளியை வைத்து சம்மட்டியால் அடிப்பான். வால் நசுங்கி இன்னொரு தலையாக உருளும். ஒருவன் முகம் மற்றவனுக்குத் தெரியும். கை தெரியாது. நடுவில் இரும்பு.

அந்தச் சத்தத்தில் வாய்ப்பேச்சு எடுபடாது. அதனால் அந்தக் கும்பலுக்குத் தட்டுதான் பேச்சு. பிடிக்கிறவன் இடது கையில் ஒரு சின்ன ஸ்பானர் வைத்திருப்பான். இரும்பில் ஒரு தட்டு தட்டினால், பிடித்தாயிற்று, அடி. இரண்டு தட்டினால், போதும், நிறுத்து. மூன்று தட்டினால், அடிக்காதே, கை உள்ளே மாட்டியிருக்கிறது. ரவிக்குமாருக்கு இதற்குக் காது தேவையில்லை. உள்ளங்கையை இரும்பில் வைத்தால் போதும். கும்பல் கலைந்து எத்தனையோ காலமாகிவிட்டது. அவர்கள் இரண்டு பேருக்கும் அந்தப் பேச்சு மட்டும் மறக்கவில்லை.

அய்யாத்துரை ராயபுரத்தில் இரும்புச் சாமான் மொத்த வியாபாரி. தூத்துக்குடிப் பக்கத்து மனிதர். பழைய வண்டிக் கிறுக்கு. எண்ணூரில் மூடிப்போன ஓர் உப்பளத்திலிருந்து அந்த ஜீப்பை ஏலத்தில் எடுத்திருந்தார். அதற்கு முன்னால் அது பட்டாளத்து வண்டி. மேலே எல்லாவற்றையும் சரி செய்துவிட்டார். அடியில்தான் கோளாறு. சேஸ் என்பது ஓர் ஏணி மாதிரி. இரண்டு நீளச் சட்டம், நடுவில் படிகள். அந்தப் படிக்குத்தான் கிராஸ்மெம்பர் என்று பெயர். கியர்பாக்ஸைத் தாங்கும் படியை உப்பு அரித்துத் தின்றிருந்தது.

"போல்ட்டும் வேண்டாம், வெல்டும் வேண்டாம் பாத்துக்கிடுங்க" என்றார் அய்யாத்துரை. "கம்பெனிக்காரன் எப்படி ரிவிட் அடிச்சானோ அப்படியே இருக்கணும். கண்காட்சில வாரவன் கீழ படுத்துல்லா பாக்கான்."

ரவிக்குமார் இல்லாமல் இந்த வேலை நடக்காது. ரகுபதி காசிமேட்டுக்குப் போய்த் தங்கையிடம் கேட்டான். மங்கை சங்கரா மீனுக்குச் செதில் எடுத்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

"காது போச்சு. சரி போவட்டும்ணா, நான் கத்தறது அதுக்குக் கேக்கல, வூட்ல சண்டை இல்ல. கையும் போச்சின்னா நான் இன்னா பண்ணுவேன்?"

பார்த்துக்கொள்கிறேன் என்றான் ரகுபதி.

"நீதான் அடிக்கப்போற. நீதான் பாத்துக்கணும்" என்றாள் அவள்.

பழைய கிராஸ்மெம்பரைக் கழற்றும் வேலையை ரகுபதி தனியாகச் செய்தான். அதற்கு ஒரு ஆள் போதும். பாடியைக் கழற்றித் தனியாகத் தூக்கி வைத்தாயிற்று. வெறும் சேஸ் நான்கு ஸ்டாண்டின் மேல் நின்றது. ரிவிட் தலைகளை கிரைண்டரால் சீவி, உளி வைத்து உள்ளே தட்டித் தள்ளினான். வலது பக்கம் நான்கும் வந்துவிட்டன. இடது பக்கத்தில் மூன்றுதான் ரிவிட். நான்காவது ஓட்டையில் ஒரு துருப்பிடித்த போல்ட்.

சிரிப்பு வந்தது. அந்த ஓட்டை ஒரு மூலையில் இருந்தது. மற்ற ஓட்டைகளுக்கு நீளமான டாலியை எட்ட நின்றே பிடிக்கலாம். இதற்கு மட்டும் முக்கோணமாக ஒரு சந்து. குட்டை டாலியை முஷ்டியில் பிடித்து, முழங்கை வரை உள்ளே விட்டால்தான் முடியும். எவனோ சோம்பேறிப்பட்டு போல்ட்டை முறுக்கிவிட்டுப் போயிருக்கிறான்.

கம்பி பிரஷ் போட்டு அந்த இடத்தைச் சுத்தம் செய்தபோது, ஓட்டையை ஒட்டிச் சட்டத்தில் இரண்டு தழும்புகள் தெரிந்தன. நகம் பதிந்த மாதிரி, அரை நிலா வடிவம். குழி உளி சாய்ந்து கடித்த அடையாளம். பின்னால் பிடிக்கிறவனின் கை விலகினால் உளி அப்படித்தான் சாயும். ஒரு தழும்பு பட்டாளத்துப் பச்சைப் பெயிண்டுக்கு அடியில் இருந்தது. இன்னொன்று பச்சையைக் கிழித்துக்கொண்டு மேலே இருந்தது. ரகுபதி அதைக் கவனித்தான். யோசிக்கவில்லை.

கடைசி ரிவிட்டின்மேல் உளியை வைத்து சம்மட்டியை ஓங்கினான்.

டக். டக். டக்.

கை தானாக நின்றது. பழக்கம். மூன்று தட்டு கேட்ட பிறகு அந்தக் கும்பலில் எவனும் அடித்ததில்லை.

எட்டிப் பார்த்தான். சட்டத்துக்கு அந்தப் பக்கம் யாரும் இல்லை. ஆயில் டின் ஒன்றும் அவனுடைய சட்டையும்தான் கிடந்தன. வெளியே எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. ஒவ்வொன்று போகும்போதும் பட்டறையின் தகரம், ஸ்டாண்ட், டீ கிளாஸ் எல்லாம் ஆடும். அந்த ஆட்டம்தான் என்று நினைத்துக்கொண்டான். கடைசி ரிவிட்டையும் தள்ளிவிட்டு சேஸைக் கழுவினான். காய வைத்து, சிவப்பு பிரைமர் இரண்டு கோட் அடித்தான்.

ரவிக்குமார் வந்த நாளில் லாரிகள் ஓடவில்லை. வேலைநிறுத்தம். சாலை நெடுக வரிசையாக நின்ற லாரிகளின் அடியில் டிரைவர்கள் துண்டு விரித்துப் படுத்திருந்தார்கள். அந்தப் பக்கம் கடல் சத்தம் கேட்பதே அபூர்வம். அன்று பட்டறைக்குள்ளேயே கேட்டது.

புதிய கிராஸ்மெம்பரைப் பொருத்தினார்கள். வேலை நன்றாகப் போனது. ரகுபதி கேஸ் டார்ச்சில் ரிவிட்டைக் காய்ச்சி இடுக்கியில் நீட்டுவான். ரவிக்குமார் வாங்கி நுழைப்பான். டாலியை வைப்பான். டக். ரகுபதி அடிப்பான். தலை உருண்டதும் டக் டக். அடுத்தது. பழைய நாட்கள் மாதிரியே இருந்தது. நடுவில் ரவிக்குமார், காது கேளாதவர்களுக்கே உரிய பெரிய குரலில், மச்சானுக்குத் தொப்பை போட்டுவிட்டது, சம்மட்டியைவிட அதுதான் முன்னால் வருகிறது என்று தெருவுக்கே அறிவித்தான்.

ஏழு முடிந்தது. உச்சி வெயில். தகரத்தின் நிழல் சுவரோடு ஒட்டிக்கொண்டது.

எட்டாவது, அந்த மூலை.

ரவிக்குமார் சட்டங்களுக்கு நடுவே குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். ரிவிட்டை நுழைத்தான். குட்டை டாலியை முஷ்டியில் வைத்து வலது கையை முக்கோணச் சந்துக்குள் விட்டான். முழங்கை வரை போனது. மங்கையின் முகம் ரகுபதிக்கு ஒரு கணம் நினைவுக்கு வந்தது. இந்த ஓட்டையில் டாலி சரியாகப் பதியாமல் ஓர் அடி விழுந்தாலும், டாலிக்கும் சந்தின் இரும்புக்கும் நடுவில் விரல்கள் நசுங்கிப் போய்விடும்.

டக்.

ஓங்கினான்.

டக். டக். டக்.

நிறுத்தினான். ரவிக்குமார் தலையைத் தூக்கிப் பார்த்தான்.

"இன்னா மச்சான், சூடு ஆறிகினு கீது. அடி."

ரகுபதி மூன்று விரலைக் காட்டினான். ரவிக்குமார் தலையை ஆட்டி ஒரு விரலைக் காட்டினான்.

"ஒண்ணுதான் தட்னேன். உனக்கும் காது போச்சா?"

சொல்லிவிட்டு அவனே சிரித்தான். அதற்குள் ரிவிட் கறுத்துவிட்டது. வெளியே எடுத்து மறுபடி காய்ச்சினார்கள். மறுபடி நுழைத்தார்கள். கை உள்ளே போனது.

டக்.

ரகுபதி காத்திருந்தான். ஒன்றுமில்லை. கடல் சத்தம் மட்டும். சரி என்று ஓங்கினான்.

டக். டக்.

டக்.

இந்த முறை அவன் சத்தத்தைக் கவனித்தான். ரவிக்குமாருடைய தட்டு ஸ்பானரின் தட்டு. கணீரென்று இருக்கும். இது அப்படி இல்லை. மொத்தையாக இருந்தது. இரும்பை எலும்பால் தட்டுகிற மாதிரி.

ரவிக்குமாரிடமிருந்து ஸ்பானரை வாங்கித் தன் காலடியில் போட்டான். இனிமேல் தட்ட வேண்டாம், தலையை ஆட்டு, இடது கையை முட்டியின்மேல் வை என்று சைகை காட்டினான். மச்சானுக்கு இன்று என்னவோ ஆகிவிட்டது என்கிற பார்வையோடு ரவிக்குமார் அப்படியே செய்தான்.

மூன்றாவது முறை காய்ச்சினார்கள். ரிவிட் செக்கச்செவேலென்று ஓட்டையில் உட்கார்ந்தது. ரவிக்குமார் தலையை ஆட்டினான். இடது கை முட்டியின்மேல் இருந்தது. ரகுபதியின் கண் அந்தக் கையைவிட்டு நகரவில்லை.

சம்மட்டியை ஓங்கினான்.

டக்...

இடது கை அசையவில்லை.

டக்...

டக்...

சம்மட்டி தலைக்கு மேலே நின்றது. இறக்கவும் முடியவில்லை. அடிக்கவும் முடியவில்லை.

அப்போதுதான் ரவிக்குமாரின் முகம் மாறியது.

"மச்சான்."

அவன் கத்தவில்லை. காது போனதிலிருந்து அவன் மெதுவாகப் பேசி ரகுபதி கேட்டதே இல்லை.

"என் கை மேல ஒரு கை கீது."

ரகுபதி சம்மட்டியைக் கீழே போட்டான். கையை எடு, கையை எடு என்று கத்தினான். யாரிடம் கத்துகிறோம் என்று பிறகுதான் உறைத்தது. சைகை காட்டினான்.

"வர மாட்டேங்குது."

ரவிக்குமார் தோளைக் கொடுத்து இழுத்தான்.

"புடிச்சிகினு கீது, மச்சான். சில்லுனு கீது."

அரை சாண் தூரத்தில் ரிவிட் நெருப்பாக எரிந்துகொண்டிருந்தது.

ரகுபதிக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. குனிந்து ஸ்பானரை எடுத்தான். சட்டத்தில் தட்டினான்.

டக். டக்.

போதும். நிறுத்து.

ஒன்றும் நடக்கவில்லை. கடல் சத்தமும் நின்றுவிட்ட மாதிரி இருந்தது.

மறுபடி.

டக். டக்.

உள்ளேயிருந்து பதில் வந்தது.

டக்.

நீண்ட நேரம்.

டக்.

ரவிக்குமார் பின்னால் விழுந்தான். கை வெளியே வந்துவிட்டது. விரல்கள் ஐந்தும் இருந்தன. ரகுபதி ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தான். கை ஐஸ்பெட்டியில் வைத்த மீன் மாதிரிக் குளிர்ந்திருந்தது. புறங்கையில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. ரவிக்குமார் நாக்கில் வைத்துப் பார்த்தான்.

"உப்பு" என்றான்.

கழுவி, காயவைத்து, இரண்டு கோட் பிரைமர் அடித்த சேஸ் அது.

ரிவிட்டை உருவிவிட்டு, அந்த ஓட்டையில் ரகுபதி ஒரு போல்ட்டை முறுக்கினான். போல்ட்டுக்குக் கை உள்ளே போக வேண்டாம். நீளமான சாக்கெட் ஸ்பானர் போதும். முறுக்கும்போது எந்தத் தட்டும் கேட்கவில்லை.

மங்கையிடம் இரண்டு பேரும் வாய் திறக்கவில்லை. ரவிக்குமார் மட்டும் அதற்குப் பிறகு இரும்பில் உள்ளங்கை வைப்பதை விட்டுவிட்டான். பஸ்ஸில்கூடக் கம்பியைப் பிடிக்க மாட்டான்.

அய்யாத்துரை வந்து பார்த்தார். ஏழு ரிவிட்டையும் தடவிப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். எட்டாவதைப் பார்த்ததும் முகம் சுருங்கியது.

"இது என்ன?"

என்ன சொல்வது? வடசென்னையில் இத்தனை வருஷம் இரும்படித்தவன், உள்ளேயிருந்து எவனோ தட்டுகிறான், அதனால் விட்டுவிட்டேன் என்றா சொல்வான்? நாளைக்குப் பட்டறைக்கு எவன் வருவான்? ஓட்டையின் ஓரம் தேய்ந்திருக்கிறது, ரிவிட் நிற்காது என்றான் ரகுபதி. அய்யாத்துரை நம்பினாரா தெரியாது. பாடியை ஏற்றி முடித்ததும் வண்டியை எடுத்துக்கொண்டு போனார்.

இதோடு முடிந்திருந்தால் ரகுபதியும் மறந்திருப்பான்.

மழை தொடங்கிய பிறகு ஒருநாள் காலித் பட்டறைக்கு வந்தான். எண்ணூரில் லாரி சேஸ் வேலை பார்க்கிற பட்டறை அவனுடையது. ரகுபதிக்கு முகப்பழக்கம் உண்டு, பேசிப் பழக்கமில்லை. வந்தவன் உட்காரவில்லை. டீ வேண்டாம் என்றான். அய்யாத்துரை அந்த ஜீப்பைத் தன்னிடம் கொண்டுவந்ததாகச் சொன்னான். ஒரே ஒரு போல்ட்டை எடுத்துவிட்டு ரிவிட் அடிக்க வேண்டும், அவ்வளவுதான். அரை மணி வேலை. பிடிக்கிறவன் ஷிபின் என்று கன்னியாகுமரிப் பக்கத்துப் பையன். கல்யாணம் ஆகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. முதல் அடியிலேயே அவனுடைய வலது கையில் நான்கு விரல் போய்விட்டது.

ரகுபதி எழுந்து நின்றான்.

"நீ அங்க ஏன் போல்ட் போட்ட, மாமு?" என்று கேட்டான் காலித். "அதைக் கேக்கத்தான் வந்தேன்."

ரகுபதி திருப்பிக் கேட்டான்.

"அடிக்கறதுக்கு முன்னாடி தட்டுச் சத்தம் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"எத்தினி?"

"மூணு."

"மூணு தட்டு கேட்டுகினு ஏன்டா அடிச்ச?"

காலித் அவனைப் புரியாமல் பார்த்தான்.

"எங்க பட்டறைல மூணு தட்னாதான் அடிப்போம். ஒண்ணு பையன் எடுத்தான், ரெண்டு வெச்சான், மூணு அடி. அதான் கணக்கு."

வெளியே லாரி ஒன்று போனது. டீ கிளாஸ் ஆடி நின்றது.

"ஆனா ஷிபின் ஒண்ணு சொல்றான்" என்றான் காலித். "அவன் தட்டவே இல்லையாம். அடிக்கறதுக்கு முன்னாடியே கையை வெளிய எடுக்கப் பாத்தானாம். வரலையாம்."

வாசல் வரை போனான். பிறகு, அந்த ஓட்டையில் தானும் போல்ட்டையே முறுக்கிக் கொடுத்துவிட்டதாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டான். அய்யாத்துரையிடம் காரணம் சொன்னாயா என்று ரகுபதி கேட்கவில்லை. சொல்லியிருக்க மாட்டான் என்று தெரியும். தனக்கு முன்னால் போல்ட் முறுக்கியவனும் சொல்லவில்லை. அவனுக்கும் முன்னால் ஒருவன் இருந்திருந்தால், அவனும் சொல்லியிருக்க மாட்டான்.

அன்றைக்கே ரகுபதி ராயபுரத்துக்குப் போனான். ரவிக்குமாரைக் கூப்பிட்டான். அவன் வரமாட்டேன் என்றுவிட்டான். அய்யாத்துரை குடோனில் இல்லை. கடைப்பையன் கதவைத் திறந்துவிட்டான். ரகுபதி தார்ப்பாயை விலக்கி, சக்கரத்துக்குப் பின்னால் தலையை நுழைத்து டார்ச் அடித்தான்.

போல்ட் புதிதாக மின்னியது. அதன் பக்கத்தில், பிரைமருக்கு அடியிலும் குழி தெரிய, அந்த அரை நிலாத் தழும்புகள். பச்சைப் பெயிண்டுக்கு அடியில் இருந்தது ஒன்று. பச்சையைக் கிழித்தது ஒன்று.

சிவப்புப் பிரைமரைக் கிழித்துக்கொண்டு, இரும்பு பளபளக்க, இன்னொன்று.

மூன்று.